லேப்டாப் மூடியை மூடினால் என்ன நடக்க வேண்டும்? லினக்ஸில் சஸ்பெண்ட், ஹைபர்னேட், ஷட்டவுன்: எதற்கு மெனக்கெடலாம்

லினக்ஸ் லேப்டாப்பின் தூக்கச் சிக்கல் என்று வரும் புகார்கள் பெரும்பாலும் மூன்று வகை. இரவு மூடி வைத்தேன், காலையில் பேட்டரி காலி. பையில் வைத்தேன், எடுத்தால் கை சுடுகிறது. மூடியைத் திறந்தேன், விசைப்பலகை விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. மூன்றுக்கும் காரணங்கள் வேறு. ஆனால் பலரும் மூன்றுக்கும் ஒரே வைத்தியம்தான் பார்க்கிறார்கள்: எங்கோ பார்த்த ஒரு கெர்னல் பாராமீட்டரை (லினக்ஸின் மையமான கெர்னலுக்குப் பூட் ஆகும்போது தரும் அமைப்பை) கொண்டுவந்து ஒட்டுவது, மறுபூட் செய்வது, சரியாகாவிட்டால் இன்னொன்றை ஒட்டுவது. கடைசியில் பூட் வரியில் ஏழெட்டு பாராமீட்டர்கள் நிற்கும். எது எதற்கு என்று வைத்தவருக்கே தெரியாது.

அதற்கு முன்னால் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. மூடியை மூடும்போது இயந்திரம் எந்த நிலைக்குப் போக வேண்டும்? லினக்ஸ் தரும் வழிகள் சில: எஸ்2ஐடில் என்ற மேலோட்டமான சஸ்பெண்ட் (வேலையை ரேமில் வைத்தபடி தூங்குவது), டீப் எனப்படும் பழைய எஸ்3 சஸ்பெண்ட், ரேமில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டு அணையும் ஹைபர்னேட், முதலில் சஸ்பெண்டும் பிறகு ஹைபர்னேட்டுமான கூட்டு வழி. பேசாமல் அணைத்துவிடுவதும் ஒரு வழிதான். இதில் உங்கள் இயந்திரத்துக்கு எது பொருந்தும் என்று தெரிந்துவிட்டால், மற்றவற்றில் உள்ள கோளாறுகளைத் தொடவே வேண்டியதில்லை. ஓடாத ஒன்றை ஓட வைக்க வார இறுதிகளைச் செலவழிப்பதைவிட, அது தேவையா என்று முதலில் கேட்பது மலிவு.

கையில் இருப்பது என்ன

/சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு வரி இருக்கும். எஸ்2ஐடில், டீப் என இரண்டு பெயர்களும் இருந்தால் இரண்டும் கிடைக்கும். சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பது இப்போது பயன்பாட்டில் இருப்பது. எஸ்2ஐடில் மட்டும் இருந்தால் ஃபர்ம்வேர் (பயாஸ் போன்ற, வன்பொருளோடு வரும் மென்பொருள்) எஸ்3-ஐத் தரவில்லை என்று பொருள். கெர்னல் பாராமீட்டர் எதைக் கொடுத்தாலும் இல்லாத ஒன்று வந்துவிடாது. பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது: டீப் பட்டியலிலேயே இல்லாத இயந்திரத்தில் மெம்_ஸ்லீப்_டீஃபால்ட்=டீப் என்று எழுதிவிட்டு, ஏன் மாறவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

எஸ்3 ஏன் காணாமல் போனது? மைக்ரோசாஃப்ட், செல்பேசி போல உடனே விழித்துக்கொள்ளும் லேப்டாப்களை விரும்பி, மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற முறையை முன்னிறுத்தியது. தயாரிப்பாளர்கள் அதன் பின்னால் போனார்கள். இன்டெலின் 11-ஆம் தலைமுறைச் செயலிகள் வந்த காலத்திலிருந்து பல மாடல்களில் எஸ்3 அடியோடு எடுக்கப்பட்டுவிட்டது. சிலவற்றில் பயாஸ் அமைப்புக்குள் ஒளிந்திருக்கும். 2018-இல் வந்த திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் 6-ஆம் தலைமுறையில், லினக்ஸ் பயனர்களின் புகார்களுக்குப் பிறகு ஒரு பயாஸ் அப்டேட்டில் ‘ஸ்லீப் ஸ்டேட்’ என்ற தேர்வு வந்தது. அதில் லினக்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் எஸ்3 திரும்பக் கிடைக்கும். உங்கள் பயாஸிலும் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எஸ்2ஐடிலா, டீப்பா

எஸ்3-இல் செயலிக்கு மின்சாரம் நின்றுவிடும். ரேம் மட்டும் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு உயிரோடு இருக்கும். மற்ற பொறுப்பெல்லாம் ஃபர்ம்வேர் கையில். விழிக்கும்போதும் முதலில் ஓடுவது ஃபர்ம்வேர்தான், அது முடித்த பிறகே கெர்னலுக்கு முறை வரும். ஃபர்ம்வேர் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் இதைவிடச் சிக்கனமான சஸ்பெண்ட் கிடையாது. அது ஒழுங்கில்லை என்றால் நீங்கள் செய்யக்கூடியதும் அதிகமில்லை.

எஸ்2ஐடில் நேர் எதிர். ஃபர்ம்வேருக்கு இங்கே வேலை குறைவு. கெர்னல் எல்லாப் புரோகிராம்களையும் உறைய வைக்கிறது, சாதனங்களை ஒவ்வொன்றாகத் தூங்க வைக்கிறது, செயலியைச் சும்மா இருக்கும் நிலைகளில் ஆழமானதற்கு அனுப்புகிறது. எல்லாச் சாதனமும் உண்மையில் தூங்கினால்தான் மொத்த சிப்பும் மின்சாரத்தைக் குறைக்கும். வீட்டில் கடைசி ஆள் படுக்கும்வரை கூடத்து விளக்கு எரிந்துகொண்டிருப்பது போலத்தான்: ஒரே ஒரு கார்டு ரீடர் விழித்திருந்தால் போதும், முழு இயந்திரமும் அரைத்தூக்கத்தில் கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் திரை அணைந்திருக்கும், எல்லாம் சரி என்றே தோன்றும். காலையில்தான் பேட்டரி உண்மையைச் சொல்லும்.

எனவே எஸ்2ஐடில் மோசம் என்று முடிவுகட்டும் முன் அது நிஜமாகவே ஆழத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். 6.4 முதலான கெர்னல்களில் /சிஸ்/பவர்/சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ் அடைவுக்குள் லாஸ்ட்_எச்டபிள்யூ_ஸ்லீப் என்ற கோப்பு இருக்கிறது. கடைசி சஸ்பெண்டில் வன்பொருள் எவ்வளவு நேரம் உண்மையான ஆழ்தூக்கத்தில் இருந்தது என்பதை மைக்ரோவினாடியில் சொல்லும். பத்து நிமிடம் தூங்க வைத்து எழுப்பினீர்கள், எண் அறுபது கோடியை ஒட்டி இருக்கிறது என்றால் கவலையில்லை. பூஜ்யம் என்றால் அது தூங்கவே இல்லை. இன்டெல், இதைச் சோதிக்க எஸ்0ஐஎக்ஸ் செல்ஃப்டெஸ்ட் டூல் என்ற ஸ்கிரிப்டை வெளியிட்டிருக்கிறது. ஏஎம்டி பக்கம் ஏஎம்டி-எஸ்2ஐடில் என்ற பைத்தான் கருவி உண்டு. ஏஎம்டி கருவி எந்தச் சாதனம் தடுக்கிறது, எந்த டிரைவர் காணவில்லை என்று ஓரளவு தெளிவான வாக்கியத்திலேயே சொல்லும் என்பது எனக்குப் பிடித்த விஷயம். லாக் பக்கங்களைப் புரட்டும் வேலை பாதியாகக் குறைகிறது.

வழக்கமான குற்றவாளிகள் சிலர் உண்டு. பயாஸில் சேமிப்பகம் விஎம்டி (இன்டெலின் வட்டு மேலாண்மை முறை) அல்லது ரெய்டு முறையில் இருந்தால், என்விஎம்இ எஸ்எஸ்டி அதன் பின்னால் மறைந்துகொண்டு ஆழ்தூக்கத்தைத் தடுக்கக்கூடும். அதை ஏஹெச்சிஐ முறைக்கு மாற்றினாலே பல இயந்திரங்கள் திருந்துகின்றன. (அதே வட்டில் விண்டோஸும் இருந்தால் அவசரப்பட வேண்டாம்; விண்டோஸைத் தயார்செய்யாமல் மாற்றினால் அது பூட் ஆகாது.) தனி கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்களில் அந்தச் சிப் அணையாமல் இருப்பது அடுத்தது. பழைய எஸ்எஸ்டி ஃபர்ம்வேர், செருகி மறந்த யுஎஸ்பி டாங்கிள் ஆகியவையும் வரிசையில் நிற்கும். ஏஎம்டி என்றால் முதலில் கெர்னல் பதிப்பைப் பாருங்கள். எஸ்2ஐடிலுக்கான ஏஎம்டி டிரைவரே 5.11-இல்தான் சேர்ந்தது, அது பக்குவப்பட இன்னும் பல பதிப்புகள் ஆயின. பழைய நீண்டகால ஆதரவுக் கெர்னலை வைத்துக்கொண்டு பாராமீட்டர்களோடு மல்லுக்கட்டுவதைவிடக் கெர்னலைப் புதுப்பிப்பது எளிது. எஃப்டபிள்யூஅப்டி (fwupd) என்ற கருவி வழியாக ஃபர்ம்வேரையும் அப்படியே பார்த்துவிடலாம்.

இழப்பை வாட்டில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ‘பேட்டரி சீக்கிரம் போகிறது’ என்பதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை/பேட்0 அடைவில் எனர்ஜி_நவ் என்ற கோப்பு மிச்சமுள்ள ஆற்றலை மைக்ரோவாட்-மணியில் காட்டும். தூங்க வைக்கும் முன் ஒருமுறை, எழுப்பியதும் ஒருமுறை படியுங்கள். எட்டு மணி நேரத்தில் 4 வாட்-மணி குறைந்திருந்தால் அது அரை வாட். 50 வாட்-மணி பேட்டரியில் ஓர் இரவுக்கு 8 சதவீதம். இது தாங்கக்கூடியது. அதே நேரத்தில் 20 வாட்-மணி போயிருந்தால் இரண்டரை வாட், ஒரு நாள்கூடத் தாங்காது. முதல் நிலையில் இருப்பவர் எதையும் மாற்ற வேண்டாம் என்பேன். எஸ்3 கிடைத்தால் இன்னும் கொஞ்சம் மிச்சமாகுமே என்ற ஆசையில், ஒழுங்காக எழுந்திருக்கும் இயந்திரத்தைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

இரண்டாம் நிலையில் இருந்து, பட்டியலில் டீப்பும் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். நிரந்தரமாக மாற்றாமல், ரூட்டாக மெம்_ஸ்லீப் கோப்பில் டீப் என்று எழுதுங்கள். பிறகு ஆர்டிசிவேக் கட்டளையால் அறுபது வினாடி தூங்கித் தானாக எழும்படி சொல்லுங்கள். ஒரு தடவை எழுந்துவிட்டது என்று திருப்தியடைய வேண்டாம். சார்ஜரோடும் இல்லாமலும், வெளித்திரையோடும் இல்லாமலும் திரும்பத் திரும்பப் பாருங்கள். எழுந்த பிறகு டச்பேட், வைஃபை, ஒலி, யுஎஸ்பி-சி எல்லாம் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். தயாரிப்பாளர் எஸ்3-ஐ மேசையில் வைத்தாலும் சோதித்திருக்க மாட்டார் என்ற ஆபத்து புதிய மாடல்களில் அதிகம். என் கணக்கு எளிது: பழைய லேப்டாப் என்றால் டீப், புதியதில் பயாஸே தேர்வாகத் தந்தால் டீப், மற்ற இடங்களில் எஸ்2ஐடிலைத் திருத்தப் பாருங்கள், அல்லது கீழே வரும் கூட்டு வழிக்குப் போங்கள்.

பை சுடுகிறது என்றால்

இதைச் சஸ்பெண்ட் வகையை மாற்றித் தீர்க்க நினைப்பது வீண். இங்கே நடப்பது இரண்டில் ஒன்று. இயந்திரம் தூங்கவே இல்லை, அல்லது தூங்கி உடனே விழித்துக்கொண்டது. ஜர்னல்சிடிஎல் லாகில் ‘சஸ்பெண்ட் என்ட்ரி’, ‘சஸ்பெண்ட் எக்ஸிட்’ என்ற கெர்னல் வரிகளைத் தேடி நேரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

என்ட்ரி வரி வந்து, இருபது வினாடியில் ‘ஃப்ரீஸிங்’ என்று தொடங்கி ‘ஃபெயில்ட்’ என்று சொல்லும் வரி வந்திருந்தால் ஏதோ ஒரு புரோகிராம் உறைய மறுத்திருக்கிறது. அந்த இருபது வினாடி கெர்னலின் வழக்கமான பொறுமை எல்லை. இணைப்பு அறுந்த பிணைய வட்டு, பதில் சொல்லாத ஃப்யூஸ் மவுண்ட் (ஒரு புரோகிராம் வழியாக இணைத்த கோப்பு முறைமை) போன்றவைதான் பெரும்பாலும் காரணம். அடுத்த வரிகளில் அந்தப் புரோகிராமின் பெயரே இருக்கும். என்ட்ரி வரியே இல்லை என்றால் யாரோ தடுத்திருக்கிறார்கள். லினக்ஸின் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தரும் சிஸ்டம்டி-இன்ஹிபிட் கட்டளையில் பட்டியல் கேட்டால் பெயர் வரும். இன்னொன்று, வெளித்திரை இணைந்திருக்கும்போது மூடியை மூடினால் சிஸ்டம்டி-லாகின்டி எதுவும் செய்யாது. அது பிழையல்ல, இயல்பான அமைப்பே அப்படித்தான்.

உடனே எக்ஸிட் வந்திருந்தால் எழுப்பியவரைத் தேட வேண்டும். /புரோக்/ஏசிபிஐ/வேக்அப் கோப்பில் யாருக்கெல்லாம் எழுப்பும் உரிமை இருக்கிறது என்று தெரியும். எக்ஸ்ஹெச்சி என்று தொடங்குவது யுஎஸ்பி கட்டுப்பாட்டகம். பையில் அசையும் வயர்லெஸ் மவுஸ் அதன் வழியாக இயந்திரத்தை எழுப்பிவிடும். அந்தப் பெயரை அதே கோப்பில் எழுதினால் உரிமை பறிபோகும். ஆனால் மறுபூட் செய்தால் பழையபடி ஆகிவிடும் என்பதால், நிரந்தரமாக வேண்டுமென்றால் ஒரு யுடெவ் விதியோ சிறிய சிஸ்டம்டி சர்வீஸோ எழுத வேண்டும். ஒவ்வொன்றாக அணைத்துச் சோதியுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைத்தால் பவர் பட்டனைத் தவிர எதற்கும் எழாத இயந்திரம் மிஞ்சும்.

கறுப்புத் திரை

முதல் கேள்வி: கெர்னல் உயிரோடு இருக்கிறதா? கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். விளக்கு மாறினால் கெர்னல் இருக்கிறது, திரைதான் வரவில்லை. இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போக முடிந்தால் இன்னும் உறுதி. அப்போது சந்தேகம் கிராஃபிக்ஸ் டிரைவர் மேல் போகும். என்விடியாவின் சொந்த டிரைவர் என்றால் மூன்று சர்வீஸ்கள் இயங்குகின்றனவா என்று பாருங்கள்: என்விடியா-சஸ்பெண்ட், என்விடியா-ஹைபர்னேட், என்விடியா-ரெஸ்யூம். கூடவே, வீடியோ நினைவகத்தைச் சேமித்து வைக்கச் சொல்லும் என்விரெக்_ப்ரிசர்வ்வீடியோமெமரிஅலொகேஷன்ஸ் என்ற மாட்யூல் தேர்வு 1 ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் விழித்ததும் எழுத்துகள் சிதைந்தோ திரை வராமலோ போவது சகஜம்.

கேப்ஸ் லாக்கும் அசையவில்லை என்றால் கெர்னலோ ஃபர்ம்வேரோ மாட்டிக்கொண்டிருக்கிறது. இதற்கு /சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட் கோப்பு அருமையான கருவி. ஏனோ இதை யாரும் பயன்படுத்துவதில்லை. அதில் ஃப்ரீஸர் என்று எழுதிச் சஸ்பெண்ட் செய்தால், கெர்னல் புரோகிராம்களை மட்டும் உறைய வைத்துவிட்டு ஐந்து வினாடியில் திரும்பிவிடும். டிவைசஸ் என்றால் சாதனங்களையும் தூங்க வைத்துத் திரும்பும். பிறகு பிளாட்ஃபார்ம், புராசஸர்ஸ், கோர். எந்தப் படியில் முதலில் மாட்டுகிறதோ அங்கேதான் நோய். டிவைசஸ் படியில் மாட்டினால் ஏதோ ஒரு டிரைவர். சந்தேகப்படும் மாட்யூல்களைக் கழற்றிவிட்டுத் திரும்ப ஓட்டலாம். கடைசிப் படி வரை நன்றாகப் போய், நிஜமான சஸ்பெண்டில் மட்டும் எழவில்லை என்றால் ஃபர்ம்வேர் பக்கம் கை காட்ட நியாயம் உண்டு. பிஎம்_டிரேஸ் என்ற இன்னொரு வழியும் இருக்கிறது. கடைசியாக ஓடிய இடத்தைக் கணினியின் கடிகாரச் சிப்பில் எழுதி வைக்கும். அதனால் தேதி தாறுமாறாகிவிடும், மறுபூட்டுக்குப் பிறகு நேரத்தைச் சரிசெய்ய வேண்டும். வேறு வழியில்லாதபோது மட்டும்.

தூங்கும் முன் ஒரு மாட்யூலைக் கழற்றி, எழுந்ததும் மாட்டும் ஸ்கிரிப்டை /யுஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம்-ஸ்லீப் அடைவில் போடும் பழக்கம் பரவலானது. ப்ரீ, போஸ்ட் என்ற சொற்களோடு சிஸ்டம்டி அதை அழைக்கும். வைஃபைக்கும் டச்பேடுக்கும் இது நல்ல ஒட்டு. ஒட்டுதான் என்பதை மறக்காமல், கெர்னல் மாறும்போது எடுத்துப் பாருங்கள். பல நேரம் தேவையே தீர்ந்திருக்கும்.

ஹைபர்னேட்: ஒருமுறை கஷ்டம்

ரேமில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டு முழுவதும் அணைந்துவிடுவதால் மின் இழப்பு இல்லை, பை சுடாது, பேட்டரி தீர்ந்தாலும் திறந்திருந்த வேலை போகாது. எஸ்2ஐடில் திருந்தாத இயந்திரத்துக்கு இதுதான் தப்பிக்கும் வழி. ஆனால் பெரும்பாலான டிஸ்ட்ரோக்கள் இதைத் தயார்நிலையில் தருவதில்லை. உபுண்டு 12.04-இலிருந்தே மெனுவில் இதை மறைத்துவிட்டது. ஃபெடோரா 33 முதல் வட்டில் ஸ்வாப் (ரேமில் இருப்பதை இறக்கி வைக்கும் இடம்) வைக்காமல் ரேமுக்குள்ளேயே இசட்ரேம் என்ற சுருக்கிய ஸ்வாப்பை வைக்கிறது. ரேமை அணைக்கும் வேலைக்கு ரேமுக்குள் இருக்கும் ஸ்வாப் எப்படி உதவும்? எனவே முதல் வேலை, வட்டில் நிஜமான ஸ்வாப்.

எவ்வளவு? கெர்னல் இயல்பாக ரேமின் ஐந்தில் இரண்டு பங்குக்குள் படிமத்தை (வட்டில் எழுதும் ரேம் நகலை) அடக்கப் பார்க்கும், சுருக்கியும் எழுதும். இருந்தாலும் வேலைப்பளு அதிகமான நேரத்தில் இடம் போதாமல் மறுத்துவிடக்கூடும். ரேம் அளவுக்கே வைத்துவிட்டால் நிம்மதி.

அடுத்தது, பூட் ஆகும்போது அந்தப் படிமம் எங்கே என்று கெர்னலுக்குத் தெரிய வேண்டும். ‘ஹைபர்னேட் ஆகிறது, ஆனால் திறந்தால் புதிதாகப் பூட் ஆகிறது’ என்ற புகாரின் காரணம் அநேகமாக இதுவே. ஸ்வாப் பார்ட்டிஷன் என்றால் ரெஸ்யூம்= பாராமீட்டரில் அதன் அடையாள எண்ணான யுயுஐடி போதும். ஸ்வாப் கோப்பு என்றால் கோப்பு இருக்கும் பார்ட்டிஷனோடு, ரெஸ்யூம்_ஆஃப்செட்= என்று கோப்பு வட்டில் தொடங்கும் இடத்தையும் தர வேண்டும். இஎக்ஸ்டி4-இல் அந்த எண்ணை ஃபைல்ஃப்ராக் கட்டளை காட்டும். பிடிஆர்எஃப்எஸ்-இல் அதே கட்டளை தரும் எண் தவறானது; அங்கே பிடிஆர்எஃப்எஸ்-இன் சொந்த மேப்-ஸ்வாப்ஃபைல் துணைக்கட்டளையைத்தான் கேட்க வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டில் நாள் முழுவதும் தொலைத்தவர்கள் ஏராளம். பிறகு இனிட்ராம்எஃப்எஸ்-ஐ (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறிய கோப்பு முறைமையை) திரும்ப உருவாக்க வேண்டும், அதில் ரெஸ்யூம் ஹூக் இருக்க வேண்டும். சிஸ்டம்டி 254-ஆம் பதிப்பிலிருந்து யுஇஎஃப்ஐ இயந்திரங்களில் வேலை குறைந்திருக்கிறது: ஹைபர்னேட் ஆகும்போதே இடத்தை ஒரு இஎஃப்ஐ மாறியில் குறித்து வைத்து, அடுத்த பூட்டில் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இனிட்ராம்எஃப்எஸ்-உம் சிஸ்டம்டியைப் பயன்படுத்துவதாக இருந்தால் பாராமீட்டர்களே தேவையில்லை.

கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட்தான் பெரிய சுவர். அது இயங்கும்போது பல டிஸ்ட்ரோ கெர்னல்கள் லாக்டவுன் நிலைக்குப் போகும். அந்த நிலையில் ஹைபர்னேட் தடைசெய்யப்பட்டது. வட்டிலுள்ள படிமத்தை யாராவது மாற்றி வைத்தால் கெர்னலுக்குள் அத்துமீறிவிடலாம் என்பது காரணம். /சிஸ்/கெர்னல்/செக்யூரிட்டி/லாக்டவுன் கோப்பில் நன் என்பதற்கு அடைப்புக்குறி இல்லையென்றால் நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள். அப்போது இரண்டில் ஒன்றை விட வேண்டும். எதை விடுவது? வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்து, உங்கள் பயம் லேப்டாப் திருடு போவது மட்டும் என்றால், செக்யூர் பூட்டை விட்டு ஹைபர்னேட்டை எடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஏனென்றால் சஸ்பெண்டில் கிடக்கும் லேப்டாப்பின் ரேமில் குறியாக்கச் சாவி அப்படியே இருக்கும். அணைத்த பிறகும் சிறிது நேரம் ரேமிலிருந்து சாவிகளை மீட்க முடியும் என்று பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2008-இலேயே செய்து காட்டினார்கள். ஹைபர்னேட்டில், ஸ்வாப்பும் குறியாக்கத்துக்குள் இருக்கும்வரை, அந்தக் கவலை இல்லை. ஆனால் ஒவ்வொரு பூட்டிலும் புதிய சாவியை உருவாக்கும் ஸ்வாப் அமைப்பு உதவாது. நேற்றைய படிமத்தை இன்றைய சாவியால் திறக்க முடியாது. மாறாக, உங்கள் இயந்திரத்தை யாராவது தனியே எடுத்துப் பூட் பகுதியை மாற்றிவைக்கக்கூடும் என்பதே பயம் என்றால் செக்யூர் பூட்டை விடாதீர்கள். அலுவலக இயந்திரத்தில் இது உங்கள் முடிவாகவும் இருக்காது.

எஸ்எஸ்டி தேய்ந்துவிடுமே என்று சிலர் தயங்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 16 ஜிபி ரேமில் ஒரு தடவைக்கு 6 ஜிபி எழுதுகிறது, ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்றால் வருடத்துக்கு நாலரை டெராபைட்டுக்குக் கொஞ்சம் குறைவு. 500 ஜிபி எஸ்எஸ்டிகளில் 300 டெராபைட் எழுத்து வரை உத்தரவாதம் தருவது பரவலானது. லேப்டாப்பின் ஆயுளே முந்திக்கொள்ளும். சுழலும் வட்டு உள்ள பழைய இயந்திரத்தில் தேய்மானம் பிரச்சினையில்லை, நேரம்தான் பிரச்சினை. எழுதவும் படிக்கவும் நிமிடக்கணக்கில் ஆகும்.

நிஜமாகவே பயப்பட வேண்டியது வேறொன்று. லினக்ஸ் ஹைபர்னேட்டில் இருக்கும்போது விண்டோஸையோ இன்னொரு லினக்ஸையோ பூட் செய்து, இரண்டுக்கும் பொதுவான பார்ட்டிஷனில் எழுதினால் கோப்பு முறைமை நாசமாகும். தூங்கிக்கொண்டிருக்கும் கெர்னல் அந்த வட்டு தான் விட்ட இடத்தில் அப்படியே இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறது. இரண்டு இயங்குதளங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவருக்கு ஹைபர்னேட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். கெர்னலைப் புதுப்பித்த கையோடும் ஹைபர்னேட் வேண்டாம், ஒருமுறை மறுபூட் செய்துவிடுங்கள்.

படிமத்தை எழுதி முடித்து, அணையும் இடத்தில் மட்டும் தொங்கினால் /இடிசி/சிஸ்டம்டி/ஸ்லீப்.கான்ஃப் கோப்பில் ஹைபர்னேட்மோட்=ஷட்டவுன் என்று மாற்றிப் பாருங்கள். ஃபர்ம்வேரின் தனி ஹைபர்னேட் நிலையைத் தொடாமல் சாதாரணமாக அணைத்துவிடும், இழப்பு எதுவுமில்லை.

இரண்டையும் சேர்த்தால்

சஸ்பெண்ட்-தென்-ஹைபர்னேட் என்பது சிஸ்டம்டி தரும் கூட்டு வழி. மூடியதும் சஸ்பெண்ட், குறித்த நேரம் கழிந்தால் கடிகாரச் சிப் எழுப்பிவிட்டு ஹைபர்னேட்டுக்கு அனுப்பும். அரை மணியில் திறந்தால் உடனே வேலை, மறுநாள் திறந்தால் பேட்டரி பத்திரம். புதிய லேப்டாப், எஸ்2ஐடில் சுமார், ஹைபர்னேட் ஓடுகிறது என்ற நிலையில் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஹைபர்னேட்டிலேசெக் என்ற மதிப்பை 45 நிமிடம், ஒரு மணி என்று நீங்களே குறித்துவிடுங்கள். குறிக்காமல் விட்டால், புதிய சிஸ்டம்டி பேட்டரி இறங்கும் வேகத்தை அளந்து 5 சதவீதத்தை நெருங்கும்வரை காத்திருக்கும். திறந்தால் பேட்டரி ஏறக்குறைய காலி என்றால் அதில் என்ன சுகம்?

இதன் கண்ணி, பாதி வழியில் இயந்திரம் பைக்குள் விழித்துக்கொள்ள வேண்டியிருப்பது. அந்த நேரத்தில் ஹைபர்னேட் தோற்றால் எல்லாவற்றிலும் மோசமான முடிவு வரலாம். ஆகவே ஹைபர்னேட்டைத் தனியாக, நிறைய டேப்களும் வேலைகளும் திறந்திருக்கும் நிலையில் பல தடவை சோதித்த பிறகே இதற்கு வாருங்கள். லாகின்டி.கான்ஃப் கோப்பில் மூடிக்கான செயலாக இதைக் குறிக்கலாம். கேடிஇ பயன்படுத்துபவர்கள் அதன் மின்சார அமைப்பிலேயே மாற்ற வேண்டும், அங்கே மூடியைக் கவனிப்பது கேடிஇ-தான்.

ஹைப்ரிட்-ஸ்லீப் என்று இன்னொன்று உண்டு. படிமத்தை எழுதிவிட்டு, அணையாமல் சஸ்பெண்டில் இருக்கும். மின்தடைக்குப் பயந்த மேசைக் கணினிக்குச் சரி. லேப்டாப்பில் ஒவ்வொரு மூடலுக்கும் எழுதும் நேரத்தைக் கொடுத்துவிட்டு, பேட்டரியையும் கொடுப்பானேன்?

அணைத்துவிடுவது

இதைத் தோல்வி என்று நினைப்பவர்கள் அதிகம். நாளைக்கு ஒருமுறை திறந்து, பிரவுசரும் ஓர் எடிட்டரும் மட்டும் பயன்படுத்துபவருக்கு எஸ்எஸ்டியில் பூட் ஆகும் நேரம் பொருட்டே இல்லை. பிரவுசர் டேப்களைத் தானே மீட்டுக்கொள்ளும். செக்யூர் பூட் இருக்கட்டும், இரண்டு இயங்குதளமும் இருக்கட்டும், எதனோடும் மோதாது. குறியாக்கச் சாவியும் ரேமில் தங்காது. பத்து டெர்மினல்களும், ஓடும் மெய்நிகர் கணினியும், பாதியில் நிற்கும் டீபக்கரும் உள்ளவருக்கு இது ஒத்துவராது. சுழலும் வட்டோடு உள்ள பழைய லேப்டாப்புக்கு, அதில் எஸ்3 ஓடும் என்றால், பகலில் டீப், இரவில் ஷட்டவுன் என்ற ஏற்பாடே போதும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு மூன்றை மட்டும் திரும்பப் பாருங்கள். மெம்_ஸ்லீப் கோப்பில் அடைப்புக்குறி எங்கே இருக்கிறது, செக்யூர் பூட் தானாக இயங்கத் தொடங்கிவிட்டதா, சேமிப்பக முறை விஎம்டிக்குத் திரும்பிவிட்டதா. அப்டேட்டுகள் அமைப்புகளை இயல்பு நிலைக்குத் தள்ளிவிடுவது உண்டு. நேற்று வரை ஓடிய ஹைபர்னேட் இன்று மறுத்தால், கெர்னலைச் சந்தேகிக்கும் முன் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள்.